ஏழில் தடக்கிய பாட்டு

அந்த ஒலிநாடாக் கசற்றின் முதற் பக்கத்தில் ஒரு மகன் தன் தாயோடு கதைத்துக்கொண்டிருந்தான். அம்மா, சாப்பிட்டியளோ, நான் சாப்பிட்டன், இங்கை சரியான குளிர், சப்பாத்துக்குள்ளாலையும் குளிருது. ஜேர்மனியில் எங்கோ ஓர் அறை. பின்னால் தண்ணீர்க் குழாய் ஓடுகிற சத்தம். அரை மணித்தியாலத்துக்கு மேல் கதைத்ததில் ஒரே ஒரு தடவை இருமினான். அந்த இருமலை அவனுடைய தாய் மூன்று தரம் திருப்பித் திருப்பிக் கேட்டார். மறு பக்கத்தில்தான் அந்த இசை இருந்தது.

அந்த இசைக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். முப்பது வருடமாகச் சொல்லாமல் இழுத்துக்கொண்டு திரிகிறேன். யாரிடம் போய்ச் சொல்வது? கிற்றார்காரர்கள், கீபோட் வாசிக்கிற ஒருவர், அடிவயிற்றில் கிளம்பித் தென்னை வட்டுவரை ஏறிப்போகிற ஒரு குரல், இரண்டு காலாலும் பெரிய மேளத்தை உழக்குகிற ஒருவன். முகம் தெரியாது. பெயர்கள் பிறகுதான் தெரிந்தன. அந்த வகைக்குப் புரோகிரசிவ் மெற்றல் என்று பெயர் என்பதும் பிறகுதான் தெரிந்தது. அப்போது எங்களுக்கு அது “அண்ணை அனுப்பின சத்தம்”, அவ்வளவுதான்.

எங்களுக்கு என்றால், எனக்கும் என் நண்பனுக்கும். கசற்றில் கதைத்தவன் அவனுடைய அண்ணன். நண்பன் யாழ்ப்பாணக் கரையோரத்துக் குருநகர்ப் பிள்ளை. கடற்கரை மாதா கோயிலில் பாட்டுக் குழுவுக்குத் தபேலா வாசித்தவன். யாரும் உட்கார வைத்துப் படிப்பிக்கவில்லை, கேட்டுக் கேட்டுக் கை பழகியது. பிறகு ஒரு பின்னேரம் அவர்கள் வேலிக்கரையில் ஷெல் குண்டு விழுந்தது. எல்லோரும் உயிரோடு எழும்பினார்கள். அவனுடைய வலது காதால் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பார்த்தவர், சவ்வு ஒட்டிவிடும், மிச்சம் போகப் போகத்தான் தெரியும் என்றாராம். சவ்வு ஒட்டியது. மிச்சத்தை எப்படி அறிவது? கரண்ட் இல்லாத ஊரில் காதை அளக்கிற மெஷின் எங்கே ஓடும்?

குடும்பத்தோடு இடம்பெயர்ந்து வலிகாமத்தில் எங்கள் ஊருக்கு வந்தபின் அவன் தபேலாவைத் தொடவில்லை. சாக்கால் சுற்றி, கயிறு போட்டு, மூலையில் வைத்துவிட்டான். பள்ளிக்கூட மண்டபம் ஒன்றில் ஞாயிறு பூசை நடந்தது. அங்கே பாட்டுக் குழுவை நடத்திய அன்ரி வாராவாரம் ஆள் அனுப்பிக் கேட்டார். “வாற கிழமை பாப்பம்” என்பான். அந்தக் கிழமை வரவே வராது. பயம் ஒன்றுதான். பாட்டுக்கு நடுவில் தன் காது ஓர் அடியை விழுங்கிவிடும், அது தனக்கே தெரியாமல் போகும். தாளக்காரனுக்கு அதைவிட என்ன அவமானம்?

இந்த நிலையில்தான் கொழும்பால் வந்த ஒருவரின் உடுப்புப் பொதிக்குள் இருந்து அந்தக் கசற் வந்து சேர்ந்தது. முதற் பக்கத்தின் முடிவில் அண்ணன் சொல்கிறான்: “தம்பிக்குச் சொல்லுங்கோ அம்மா, மற்றப் பக்கம் சும்மா கிடக்குது எண்டு அவனுக்கு ஒரு சாமான் பதிஞ்சு விட்டிருக்கிறன். என்ரை அறையிலை இருக்கிற பெடியன்ரை. பாட்டு விளங்காட்டிலும் பறவாயில்லை, அந்த மேளக்காரனை மட்டும் வடிவாக் கேக்கச் சொல்லுங்கோ.”

காது விசயத்தை அண்ணனுக்கு யாரும் எழுதியிருக்கவில்லை.

கேட்பதற்குத் தாயும் மகனும் என்னிடம் வந்தார்கள். ஏனென்றால் அந்தப் பகுதியில் பாட்டுக் கேட்கக்கூடிய வீடு எங்களுடையது, அதற்குக் காரணம் நான். பற்றரி ஊருக்குள் வருவதற்கு அரசாங்கம் தடை போட்டிருந்தது. அக்காவின் லேடீஸ் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைப்பேன். பெடலைக் கையால் சுற்றினால் பின்சக்கரம், எங்கள் பேச்சில் சில்லு, ஓடும், சில்லில் முட்டிக்கொண்டிருக்கும் டைனமோ கரண்ட் தரும். எல்லா வீட்டிலும் செய்கிற வேலைதான். என்னுடையதில் பழுதான ரிவி ஒன்றிலிருந்து கழற்றிய நாலு டயோட்டும் ஒரு கொண்டென்சரும் கரண்டைச் சீராக்க இருந்தன. மற்றவர்கள் சுற்றினால் பாட்டு இழுபட்டுப் பேய் அழுவதுபோல் போகும். நான் சுற்றினால் போகாது. அந்தச் சில்லுத்தான் அப்போது எனக்கிருந்த ஒரே பெருமை. பரீட்சை எழுதினால் மறுமொழி எப்போது வரும் என்று தெரியாத காலம். ஒரு சில்லாவது சீராக ஓடட்டும் என்று நினைத்திருப்பேன்.

ரேப் றெக்கோடரின் ஸ்பீக்கரைக் கரப்பான் அரித்துவிட்டது. ஒற்றைக் காதுக்குச் செருகுகிற ஒரு குமிழ் மட்டும் இருந்தது. ஆகவே ஒருவர் சுற்ற, ஒருவர் கேட்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு காது.

முதல் நாள் தாய் கேட்டார். மறுநாள் அவன் வந்தான். குமிழை வலது காதில் செருகி, இடது காதை விரலால் அடைத்துக்கொண்டான். எனக்கு அது ஒரு ஸ்ரைலாகத்தான் பட்டது. அவன் தன்னுடைய சுகமில்லாத காதைச் சோதிக்கிறான் என்பது என் மண்டைக்குள் ஏறவில்லை.

ஐந்து நிமிடம் போயிருக்கும்.

“டேய், ஏன் விட்டு விட்டுச் சுத்துறாய்?”

“ஆர் விட்டது? ஒரே சீராச் சுத்துறன்.”

“இல்லை மச்சான், தடக்குது. உன்ரை சில்லு தடக்குது.”

“என்ரை சில்லோ? வாயைக் கழுவு. இந்த ஊரிலை இப்பிடி ஓடுற சில்லு வேறை காட்டு பாப்பம்.”

“இந்தா, இப்ப! இப்பவும் ஒருக்காத் தடக்கினது.”

“உனக்கு விசர்.”

இப்படியே ஒரு கிழமை. நான் தேங்காயெண்ணெய் விட்டேன். கம்பிகளை இழுத்துக் கட்டினேன். வாய்விட்டு எண்ணிக்கொண்டு சுற்றினேன். அவன் ஒவ்வொரு நாளும் அதே இடங்களில் கையை உயர்த்தி, தடக்குது என்றான். எனக்கு அது சில்லைப் பற்றிய சண்டை. அவனுக்கோ, சில்லு பிழையென்றால் காது சரி, சில்லு சரியென்றால் காது பிழை. இவ்வளவு எளிய கணக்கை நான் போட்டுப் பார்க்கவேயில்லை.

“சரி, நான் சுத்துறன், நீ கேள்” என்றான் ஒரு நாள்.

கேட்டேன். முதலில் ஒன்றுமில்லை, மிகத் தூரத்தில் கீபோட், மாரிக்கு முதல் வரும் காற்றின் ஈரம்போல. பிறகு கிற்றார்கள் இறங்கின. விடியப்புறம் தோட்டத்தில் இறைப்பு மெஷின் பிடிக்கிறபோது நெஞ்சுக்குள் ஒரு உதை விழுமே, அந்த உதை. தகரக் கூரையில் மழை கொட்டுவதுபோல் மேளம். கொட்டிக்கொண்டிருந்த மழை சட்டென்று வெட்டி நிற்க, அந்த வெறுமைக்குள் குரல் தனியே நடந்து வரும். நாங்கள் எண்ணிப் பழகிய பிள்ளைகள். தூரத்தில் ஷெல் குத்துகிற சத்தம் கேட்டால் பதுங்குகுழிக்குள் இருந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று விழும்வரைக்கும் எண்ணுவோம். இந்த இசையிலும் நான் என்னையறியாமல் எண்ணினேன். எண்ணி முடியும் இடத்தில் கிற்றார் வந்து விழுந்தது. யாரும் சாகவில்லை. திரும்ப எண்ணச் சொன்னது. திரும்பவும் யாரும் சாகவில்லை. எண்ணுவது என்கிற காரியத்தை எனக்குப் பயமில்லாமல் திருப்பித் தந்தவர்கள் அவர்கள்தான். இதற்கு மட்டுமே ஒரு நன்றி தனியாகச் சொல்ல வேண்டும்.

பிறகு எத்தனையோ அறைகளில், எத்தனையோ நல்ல கருவிகளில் அதே இசைத்தட்டைக் கேட்டிருக்கிறேன். எங்கள் கசற்றில் ரேப் முடிந்துபோனதால் கடைசிப் பாட்டு ஒரு சொல்லின் நடுவில் நின்றிருந்தது. முழுப்பாட்டையும் கேட்டபோது எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. வயது போகப் போக அந்த இசை மெலிந்துவிடும் என்று சொன்னவர்கள் உண்டு. இல்லை. இன்றைக்கும் அந்த இரண்டாம் பாட்டில் மேளம் ஒரு அடி முந்தி வந்து விழுகையில் என் தோள் தானாக ஒருமுறை அசைகிறது. பக்கத்தில் இருப்பவர்கள் என்ன என்று கேட்கிறார்கள். ஒன்றுமில்லை என்கிறேன்.

அந்த இரண்டாம் பாட்டில்தான் வந்தது வினை. பாட்டு போகிறது, போகிறது, ஓரிடத்தில் கால் இடறினாற்போல் ஒரு தடக்கல். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும். அவன் சொன்ன அதே தடக்கல். எனக்கும் சந்தேகமில்லாமல் கேட்டது.

அவன் சுற்றிக்கொண்டே என் முகத்தைப் பார்த்தான்.

“எப்பிடி?”

“தண்ணி மாதிரிப் போகுது” என்றேன்.

“தடக்கேல்லையோ?”

“ஒரு இடத்திலையும் இல்லை.”

“வடிவாக் கேட்டியோ?”

“ஓமடா. உனக்குத்தான் என்னவோ.”

சில்லின் மானத்தைக் காப்பாற்றினேன். அவன் சுற்றுவதை நிறுத்தினான். குமிழின் வயரை ஒழுங்காகச் சுருட்டி என் கையில் தந்தான். “அப்ப சரி” என்றான். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

நாலாம் நாள் கூட்டுறவுச் சங்கக் கடை வரிசையில் அவனுடைய தாயைக் கண்டேன். சீனிக்கு நின்றிருந்தார்.

“தம்பி, உவன்ரை கதையைக் கேட்டியே? தபேலாவைக் கொடிகாமத்துப் பக்கம் ஒரு கோயிலுக்குக் குடுக்கப் போறானாம். நாளைக்கு மரக்கறி லொறியிலை ஏத்தி விடுறானாம்.”

“ஏனம்மா?”

“காது சரிவராதாம். முந்தி ஒரு சந்தேகமாம், இப்ப உங்கடை பாட்டுப் பெட்டியிலை பாத்து நிச்சயமாத் தெரிஞ்சிட்டுதாம். உனக்கு நல்லாக் கேக்கிற பாட்டு அவனுக்குத் தடக்கித் தடக்கிக் கேக்குதாம்.” வெறும் பையை மற்றக் கைக்கு மாற்றினார். “அவன்ரை தேப்பனுக்குத் தொழிலுக்குப் போகக் கடலும் இல்லை. இவனுக்கு இதுவும் இல்லையெண்டால் வீட்டுக்குள்ளை ரெண்டு பேரையும் நான் என்னெண்டு பாக்கிறது? நீ ஒருக்காக் கதை மோனை.”

நான் வீட்டுக்கு ஓடினேன். என் சில்லுத்தான் பிழை என்று அவனிடம் சொல்ல வேண்டும், சொல்வதற்கு முதல் அது எங்கே பிழைக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். சைக்கிளைக் கவிழ்த்து, குமிழை என் காதில் செருகி, ஒரு கையால் சுற்றியபடி சில்லையே பார்த்தேன். சில்லு ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு தடக்கியது. திரும்பச் சுற்றினேன். சில்லில் ஒரு குறையும் இல்லை. எனக்கு விசர் பிடிக்கும்போல் இருந்தது.

அக்கா வெளிக்கிட்டு வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். அக்கா பாட்டுப் படித்தவர், பின்னேரங்களில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்கப் போவார்.

“என்ரை சைக்கிளை நிமித்து. வகுப்புக்கு நேரமாச்சு.”

“அக்கா, ஒருக்கா இதைக் கேளன்.”

“உந்தப் பேய்ச் சத்தத்தையோ? நிமித்தடா.”

“ஒரு நிமிசம். உனக்குக் கும்பிடுறன். சில்லு எங்கை தடக்குதெண்டு மட்டும் சொல்லு.”

அக்கா மீன் செதிலைக் காதில் ஒட்டுகிறவர்போல் அருவருத்துக் குமிழைச் செருகினார். “ஐயோ, ஆரோ பாத்திரக் கடையைக் கொட்டுறான்...” என்று தொடங்கி, பாதியில் நிறுத்தினார். வலது கை தொடையில் தட்டத் தொடங்கியது. ஒரு தரம் பிழைத்தது. முகம் சுளித்து முதலில் இருந்து தட்டினார்.

“நிப்பாட்டாதை. சுத்து, சுத்து. தகிட தகதிமி, தகிட தகதிமி... மடையா, இது ஏழெல்லே!”

“எது ஏழு?”

“தாளமடா. மூண்டு தரம் ஏழு போடுறான், நாலாந்தரம் எட்டு வைக்கிறான். நீ நாலு நாலா எண்ணிக்கொண்டு போனால் தடக்கும்தானே. பொறு... இப்ப அஞ்சு! தக தகிட. கள்ளன், எங்கை கொண்டுவந்து சேர்க்கிறான் பார்! ஆரிது? எங்கடை ஆக்களோ?”

“வெள்ளைக்காரர். அப்ப சில்லு?”

“சில்லுக்கென்ன, அது பாட்டுக்கு ஓடுது.”

கோயில் பாட்டுக்கள் நாலிலும் மூன்றிலும் நடப்பவை. அவனுடைய காது நாலும் நாலும் எட்டை எதிர்பார்த்து நின்றது. மேளக்காரன் ஏழோடு திரும்பிவிட்டான். அந்த ஓர் அடிப் பள்ளத்தை, இத்தனை பெரிய இரைச்சலின் அடியில், அடிபட்ட காதால் அவன் முதல் நாளே, ஐந்து நிமிடத்திலேயே, துல்லியமாகக் கண்டுபிடித்திருக்கிறான். அதைத்தான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து குறை என்று முடிவுகட்டினோம்.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் ஏசவில்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. சைக்கிளை நிமிர்த்தி, “பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏறு” என்றார்.

“உன்ரை வகுப்பு?”

“பிள்ளையள் இருந்து விளையாடட்டும். ஏறு.”

அவர்கள் இருந்தது பூச்சுப் பூசாத ஒரு வீட்டின் இரண்டு அறைகளில். தபேலா சாக்கோடு வாசலுக்கு வந்திருந்தது. அவன் கயிற்றுக்கு மேல் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான்.

“நான் பொய் சொன்னனான்” என்றேன். “எனக்கும் தடக்கினது. நீ சொன்ன அதே இடங்களிலை.”

அவன் கட்டுவதை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். “அப்ப ஏன் இல்லையெண்டனி?”

“நீ என்ரை சில்லைக் குறை சொல்லுவாய் எண்டு...”

“சில்லோ?”

“ஓம்.”

“சில்லுக்காகவோடா?” காலில் கிடந்த செருப்பு கைக்கு வந்து, என் தோளில் பட்டு, கிணற்றடியில் போய் விழுந்தது. “எருமை! நாலு நாளா நான் சோறு தின்னேல்லையடா! உன்ரை சில்லைக் கொண்டுபோய்க் கடலிலை போடு!”

“மற்றச் செருப்பையும் எறி தம்பி, அவனுக்குக் காணாது” என்றார் அக்கா. “ஆனா சில்லிலை பிழையில்லை. உன்ரை காதிலையும் பிழையில்லை எண்டுதான் நினைக்கிறன். பாட்டே அப்பிடித்தான், ஏழு. இந்தா, செருகு. சுகமில்லாத காதிலை. நீ கேக்கிறதைக் கையாலை தட்டு. எண்ணாதை, விழுகிற இடத்திலை மட்டும் தட்டு. நான் எண்ணுறன்.”

சைக்கிளை வாசலில் கவிழ்த்து நான் சுற்றினேன். அக்காவுக்குப் பாட்டு கேட்காது, எனக்கும் கேட்காது. இருந்தது டைனமோவின் இரைச்சலும், சாக்கின்மேல் விழுந்த அவனுடைய விரல்களும்தான். முதலில் விரல்கள் தயங்கின. ஒருமுறை விலகி, நின்று, பிடித்துக்கொண்டன. அக்கா விரல்விட்டு மெதுவாகச் சொன்னார்: ஏழு. ஏழு. ஏழு. எட்டு. பிறகு குரல் கொஞ்சம் உயர்ந்தது: ஏழு, ஏழு, ஏழு, எட்டு. அஞ்சுக்கு மாறுகிற இடத்தில் என் கை வேர்த்துப் பெடல் வழுக்கியது, விடாமல் பிடித்தேன். அவனுடைய விரல்கள் அக்காவுக்கு முன்னாலேயே அஞ்சுக்குள் போய்விட்டன.

“ஓரடியும் தவறேல்லை” என்றார் அக்கா.

குசினியில் இருந்து தாய் பிட்டு மாவுக் கையோடு வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்றார். அவன் இடது காதில் இருந்த விரலை எடுக்காமல், ஒற்றைக் கையால் சாக்கின் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினான். பாட்டு ஓடிக்கொண்டிருந்ததால் என்னால் சுற்றுவதை விட்டுப் போய் உதவ முடியவில்லை. தாய்தான் குனிந்து முடிச்சுக்களை அவிழ்த்தார், மாவுக் கையாலேயே.

அந்த மேளக்காரனுக்கு யாழ்ப்பாணம் என்று ஓரிடம் இருப்பது தெரிந்திருக்காது. ஒரு மனிதனின் காதை அவன் ஏழடியால் அளந்து கொடுத்ததும் தெரிந்திருக்காது. நன்றி ஐயா. உங்களோடு கிற்றார் வாசித்தவர்களுக்கும் நன்றி. அதைப் பதிந்து அனுப்ப நினைத்த அண்ணைக்கும், தன் இசைத்தட்டை இரவல் கொடுத்த, பெயர் தெரியாத அந்த அறைக்காரப் பெடியனுக்கும் நன்றி.

வந்த ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு நானும் அக்காவும் போனோம். திருநீற்றோடு மண்டபத்தின் பின் வாசலில் நின்றோம். முதல் இரண்டு பாட்டுக்கும் அவன் நல்ல பிள்ளையாக நாலில் வாசித்தான். தோல் இளகியிருந்தது, ஓசை கொஞ்சம் மந்தம், ஆனால் விரல் நின்ற இடத்தில் நின்றது. காணிக்கைப் பாட்டில் அவனுக்கு ஆசை விடவில்லை. இரண்டாம் சரணத்தில் ஓர் ஏழடித் தாளத்தைக் கொண்டுவந்து செருகினான். பாடிய பெண்கள் தடுமாறினார்கள். ஒருத்தி முன்னால் போனாள், இரண்டு பேர் அதே வரியைத் திரும்பப் பாடினார்கள், ஆர்மோனியம் நின்றுவிட்டது. அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பூசை முடிந்ததும் தண்ணீர்த் தொட்டியடியில் வைத்து அன்ரி அவனைப் பிடித்துக்கொண்டார்.

“நாங்கள் ஒரு பக்கம் போறம், நீ ஒரு பக்கம் போறாய். ஆண்டவற்றை சந்நிதியிலை இதென்ன கூத்து? உனக்கென்ன, காது கேக்காதோ?”

“கேக்குது அன்ரி” என்றான். “வடிவாக் கேக்குது.”

அன்ரிக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. இன்னும் பலமாக ஏசத் தொடங்கினார். அவன் தலையை ஒரு பக்கம் திருப்பி, வலது காதை அவருக்குக் காட்டிக்கொண்டு, எல்லாவற்றையும் நின்று கேட்டான்.